மீதி ஒன்று

ராசிபுரம் சாலையில் உள்ள எடைமேடையில் சென்னியப்பன் இருபத்தாறு ஆண்டுகளாக லாரிகளை எடை போடுகிறார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் ஓட்டுநர்கள் அவரிடம் கேட்டுப் பார்ப்பதுண்டு.

"ஏனுங்ணா, நூறு கிலோ கூட்டிப் போட்டா உங்க மேடை சாஞ்சா போயிரும்?"

"மேடை சாயாதுங்க. எனக்குத்தான் கை வராது."

இதைப் பெரிய நேர்மை என்று புகழ்வதற்கில்லை. தப்பான எண்ணை எழுதினால் அவருக்கு அன்று சோறு இறங்காது, அவ்வளவுதான்.

மனைவி சௌந்திரத்துக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த பிறகு, வாரம் இருமுறை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போனார்கள். உள்ளே அவளுக்கு நான்கு மணி நேரம். வெளியே நாற்காலியில் அவருக்கும் அதே. அவளுடைய கோப்பின் மேல் 28278749 என்று அச்சிட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வகுத்துப் பார்த்தார். ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. பதினொன்றால் நான்கு. பதின்மூன்றால் ஐந்து.

பிளஸ் டூவோடு நின்றுபோன கணக்கு நினைவுக்கு வந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். இது அப்படித்தானா என்று அறிய, 5317 வரையுள்ள எழுநூற்று நான்கு பகா எண்களாலும் வகுத்தால் போதும். போனில் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனால் அவருக்குத் தீர வேண்டியது நான்கு மணி நேரம். நோட்டு ஒன்று வாங்கினார். மருந்துக்கும் சீட்டுக்கும் அலைந்ததுபோக, இருமுறை சரிபார்த்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு எண்கள்.

திரும்பும் பஸ்ஸில் சௌந்திரம் கேட்பாள்.

"அந்த நம்பரு ஒடஞ்சுதாங்களா?"

"இல்ல. மீதி விழுகுது."

"அது ஒடயாத வரைக்கும் எனக்கும் ஒண்ணும் ஆவாதுங்க."

"கிறுக்குப் புள்ள. அச்சடிச்ச அன்னிக்கே அது முடிவானது. நாம கண்டுபிடிக்கறதுதான் பாக்கி."

"அதத்தானுங்க நானுஞ் சொல்றேன்" என்று சிரித்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மாதம் கழித்து ஐந்நூறாவது பகா எண்ணுக்கு வந்தார். 3571. மீதி பூச்சியம். மறுபடி வகுத்தார். பூச்சியம். பிறகு 3571-ஐ 7919-ஆல் பெருக்கினார். கோப்பில் இருந்த எண் அப்படியே வந்தது. முதல் நாளிலும் அது உடைந்த எண்தான். அது அவருக்குத் தெரியும். அதனால் ஒன்றும் மாறிவிடாது என்பதும் தெரியும்.

உள்ளே சக்கர நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் அவளால் நடக்க முடிவதில்லை. கதவு திறப்பதற்குள் அவர் 3571-க்கு எதிரே 'மீதி 1' என்று எழுதினார்.

சௌந்திரம் நோட்டை வாங்கிக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"ஒண்ணுலதானுங்க தப்பிச்சிருக்குது."

"ஒண்ணு போதும், புள்ள."

அதற்குப் பிறகு தேட ஒன்றுமில்லை. ஆனாலும் வகுத்தார். 3581-க்கு மீதி 3173. எல்லாம் சரியான மீதிகள். 4001 வரை போனார், மீதி 3682. அந்த வாரம் அவள் இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்து எடைமேடைக்குத் திரும்பினார். கிழங்கு லாரிக்காரர் தயங்கித் தயங்கி, பழைய வழக்கத்தில் கேட்டார்.

"ஏனுங்ணா, ஒரு நூறு கிலோ..."

'எனக்குத்தான் கை வராது' என்ற வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். சரியான எடை அச்சான சீட்டை நீட்டினார்.