எந்தக் கையில போட்டாங்க?

கொரோனா இரண்டாவது அலை கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். எர்ணாவூர் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி, காய்ச்சல் இருக்கிறதா, ஊசி போட்டாச்சா என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு கதவிலும் அதே கேள்வி வரும்: கண்டுபிடிக்கவே வருசக்கணக்காகிற மருந்துக்கு எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் அனுமதி குடுத்தாங்க? படித்தவர்களே டிவியில் அதற்காகக் கூச்சல் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் என்னத்தைச் சொல்ல? "எல்லாம் சோதிச்சுதான் தர்றாங்க" என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். சத்தியமாக அலுத்துவிட்டது.

வெட்கக்கேடு என்னவென்றால், ஊருக்கெல்லாம் சொன்ன நானே போட்டுக்கொள்ளவில்லை. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது மாடியில் ஒரு அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். சுகர் வேறு. வீட்டுக்காரர் தவறிவிட்டார், இரண்டு பெண்களுக்கும் இவர்தான் எல்லாம்.

"ஊசிய போட்டு நான் படுத்துகினா இதுங்க கதி இன்னாம்மா?" என்றவர், என் முகத்தையே பார்த்தார். "நீ போட்டுகினியா?"

"போட்டாச்சுக்கா."

"எந்தக் கையில போட்டாங்க?"

இடது தோளைத் தொட்டுக் காட்டினேன். கால் வலி, இன்னும் ஒரு மாடி பாக்கி. பொய் தானாக வந்துவிட்டது.

"சரி, நீயே போட்டுகினேன்னா நாளைக்கு நானும் போறேன்" என்றார்.

அன்று எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. என் பேச்சை நம்பிப் போய் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொன்ன பொய்யையாவது உண்மையாக்கலாம் என்று மறுநாள் பள்ளிக்கூடத்து ஊசி முகாமில் நானும் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் சத்தமாக, "முதல் டோஸாம்மா?" என்றார். ஆமாம் என்று நிமிர்ந்தால், எதிர் பெஞ்சில் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அந்த அக்கா!

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உனுக்கும் பயந்தானா? அத்த நேத்தே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கலாமே" என்றார். ஊசி போட்டதும் அங்கேயே காத்திருக்கச் சொல்லும் அரை மணி நேரம் அவருக்கு முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை. என்னுடையது முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இருவருக்கும் ஒரு நாள் காய்ச்சலோடு போயிற்று. இப்போதும் ஏதோ ஒரு கணக்கெடுப்புக்குப் படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். தெரியாததைக் கேட்டால், "எனக்கும் தெரியலக்கா, பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். ஆனாலும், அன்று இடது தோளைத் தொட்டுக் காட்டியதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.