பதினாறு புள்ளிகள்

எங்கள் நிறுவனத்துக்குக் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கும் கோலாலம்பூரில் தலைமை அலுவலகமும் இருந்தன. இரண்டுக்கும் இடையே சொந்த ரேடியோ இணைப்பு. கிடங்குக் கூரையில் ஒரு கோபுரம், நடுவழியில் ஒரு குன்றின் மேல் இன்னொன்று, அலுவலக மொட்டை மாடியில் மூன்றாவது. பேச்சு, பேக்ஸ், கணினித் தகவல் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். எண்பதுகளின் கடைசியில் அந்த இணைப்பைப் பார்த்துக்கொண்ட பொறியாளன் நான். கிள்ளான் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி என் அப்பா.

அவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதை யாராவது ஞாபகப்படுத்தினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கிராணியின் மகன் என்பதற்காக உட்காரவைக்கப்பட்டவன் அல்ல நான் என்று காட்ட ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற துடிப்பு எப்போதும் இருந்தது.

அப்பாவுக்கு அந்த இணைப்பின் மேல் அப்படி ஒரு பெருமை. அவர் மேசையில் இரண்டு தொலைபேசிகள். ஒன்று ஊருக்கெல்லாம் பொதுவானது. மற்றொன்று மூன்று எண்களைச் சுற்றினால் கோலாலம்பூரில் என் மேசைக்கு வந்துவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் 'மகன் லைன்'. அம்மா போன பிறகு தினமும் நாலு மணிக்கு, தேத்தண்ணி குடித்த கையோடு கூப்பிடுவார். பேச ஒன்றும் இருக்காது.

"சாப்பிட்டியாய்யா? பிரிக்பீல்ட்ஸ் சாப்பாடு ஒத்துக்குதா?"

"ஒத்துக்குதுப்பா. வேலை இருக்கு, வைக்கட்டுமா?"

இருபது வார்த்தைக்கு மேல் நான் பேசியதில்லை.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இதே அலைவரிசைக்குள் இரண்டு மடங்கு தகவல் அனுப்ப முடியுமா? முடியும் என்று மார்தட்டினேன்.

ரேடியோ அலை தானாக எதையும் சொல்லாது. அதன் நிலையை மாற்றி மாற்றித்தான் ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் அதில் ஏற்றுகிறோம். எங்களிடம் இருந்த பழைய மின்சுற்று அட்டை அலைக்கு நான்கு நிலைகள் கொடுத்தது. ஒவ்வொரு நிலையும் இரண்டு இலக்கங்களைச் சுமக்கும். சோதனைக் கருவியின் திரையில் பார்த்தால் நான்கு மூலைகளில் நான்கு புள்ளிகள். நான் வாங்கச் சொன்ன புதிய அட்டை, அலையின் கட்டத்தோடு அதன் வீச்சையும் மாற்றிப் பதினாறு நிலைகளை உண்டாக்கும். ஒவ்வொன்றும் நான்கு இலக்கங்களைச் சுமக்கும். அதே இடம், இரட்டிப்புச் சுமை.

ஆனால் திரையின் அளவு அதேதான். பதினாறு புள்ளிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கனமழையில் அலை வலுவிழக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் ஊறிப் பெரிதாகும். நான்கு புள்ளிகளாக இருந்தால் அந்தப் பெருக்கத்துக்கு இடம் உண்டு. பதினாறு என்றால் ஒன்று பக்கத்துப் புள்ளியின் மேல் ஏறிவிடும், வாங்கும் பெட்டி ஒன்றை மற்றொன்றாகப் படித்துத் தடுமாறும், கடைசியில் இணைப்பே அறுந்துவிடும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

சோதனையை மூன்று நாள் நடத்தினோம், மூன்று நாளும் காலையில். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை பெரும்பாலும் மாலையில்தான். இடிக்குப் பயந்து மத்தியானத்துக்கு மேல் யாரும் கோபுரத்தில் ஏறுவதில்லை. அதனால் எட்டு மணிக்கு ஆரம்பித்து, ஒரு மணிக்குள் முடித்துவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். வெயிலில் பதினாறு புள்ளிகளும் கோலத்துக்கு வைத்ததுபோல் நின்றன. ஒரு பிழைகூட இல்லை. கோபுரம் ஏறும் மலாய்க்காரர் மட்டும் இறங்கிவந்து கையைத் துடைத்தபடி, "பெத்தாங் ஹூஜான், பொஸ்" என்றார். மாலையில் மழை வரும் என்கிறார். வந்தால் வரட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒரு மழையில் இணைப்பு அரைமணி நேரம் அறுந்தது. மறுநாள் நாலு மணிக்குக் கூப்பிட்ட அப்பா சிரித்தார்.

"என்னய்யா, உன் புது மெஷினுக்குச் சளி புடிக்குதா? நேத்து கெடைக்கவே இல்ல லா."

எனக்குச் சுருக்கென்றது. "மழையில கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்ப்பா. விட்டுடாதீங்க, திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருங்க. கெடைச்சிரும்" என்றேன்.

பழைய அட்டையை மாட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. மாட்டினால் நான் தோற்றுப்போனது அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் ஒரு நாள் மூன்றரை மணிக்கு வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. என் அறையில் இணைப்பு அறுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மழை நிற்கட்டும் என்று தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். நாலரை மணி வாக்கில் பொதுத் தொலைபேசி அடித்தது. கிள்ளான் கிடங்கில் தட்டச்சு செய்யும் அக்கா. அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். மழை நெரிசலில் ஊர்ந்து நான் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. மாரடைப்பு. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த அக்கா என்னிடம் வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே சொன்னார்.

"மூணே முக்காலுக்கே நெஞ்சு வலிக்குதுன்னாரு தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னேன். பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்னாரு. லைன் கெடைக்கல. பக்கத்துலயே அந்த இன்னொரு போன் இருக்குல்ல, நானே எடுத்துக் குடுத்தேன். வேணாம்னுட்டாரு. 'போட்டுக்கிட்டே இருந்தா கெடைக்கும்னு பையன் சொல்லியிருக்கான்'னு சொல்லிச் சொல்லிப் போட்டுக்கிட்டே இருந்தாரு. அரைமணி நேரத்துக்கு மேல இருக்கும். அப்புறம்தான் சாஞ்சாரு."

அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வேலைக்குத் திரும்பியதும் பழைய அட்டையை மாட்டினேன். திரையில் நான்கு புள்ளிகள் வந்து நின்றன. அன்றும் மாலையில் மழை கொட்டியது. இணைப்பு அறுபடவில்லை.

நான் இல்லாத நாட்களின் பழுதுத் தாள்கள் மேசையில் காத்திருந்தன. அந்த நாளின் தாளை எடுத்தேன். 'காரணம்' என்ற இடத்தில் வழக்கமாக எழுதும் சொல்லை எழுதக் கை வரவில்லை. என் பெயரை எழுதினேன். மேலாளர் படித்துப் பார்த்தார், கிழித்தார், வேறு தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

மழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.