ஆறு வரியில் ஜெபக் குறிப்புகள்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: படிக்காததைப் படித்த மாதிரி தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ரேணிகுண்டாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இதை வைத்துத்தான் பல வருடமாகப் பிழைப்பு. ஏஐ வந்த பிறகு சொல்லவே வேண்டாம். முழ நீள மெயிலைக் கொடுத்தால் மூன்று வரியில் சுருக்கித் தரும். நான் மூன்றாவது வரிக்குப் போவதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கோயிலுக்கும் கொண்டு போனேன்.

சித்தூரில் எங்களுடையது பழைய மிஷன் காலத்துத் தமிழ்ச் சபை. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் நான் அதற்குச் செயலாளர். வாசலில் இருக்கும் பெட்டியில் ஜெபக் குறிப்பு எழுதிப் போடுவார்கள். இன்னாருக்கு மூட்டுவலி, இன்னார் மகளுக்குப் பரீட்சை என்று ஞாயிறு ஆராதனையில் பேர் பேராக நான் வாசிக்க வேண்டும். வர முடியாதவர்கள் கேட்க ஆராதனையைப் போனிலும் நேரலையாகப் போடுவோம். பேர் வரும்போது அந்தக் குடும்பம் ஜெபத்தில் தலைகுனியும். பாதி வாசிப்பதற்குள் என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

"கொஞ்சம் சுருக்கமா முடிங்க தம்பி" என்றார் போதகர் ஒரு வாரம். சீக்கிரம் வாசி என்று அர்த்தம். எனக்கு அது தேவகட்டளையாகக் கேட்டது.

சனிக்கிழமை எல்லாச் சீட்டையும் போனில் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்தேன். அதில் ஒன்று மட்டும் நாலு பக்கம். ரிட்டையரான டீச்சரக்கா ஒருவர் எழுதியது. அந்தக் குண்டு குண்டுக் கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது. மொத்தத்தையும் ஆறு வரியாக்கித் தந்தது ஏஐ. "சபையாரில் பலர் பல்வேறு உபாதைகளிலிருந்து சுகம் வேண்டுகின்றனர். சிலர் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கின்றனர்." ஒரு பேர்கூட இல்லை. எவ்வளவு நேர்த்தி என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பாராட்டு மழை பெய்யும் என்று வாசலில் நின்றேன்.

"எம் மூட்டுவலி எங்க போச்சு?" என்று ஒரு அம்மா வழிமறித்தார்.

"அதான், 'பல்வேறு உபாதைகள்'ல வந்துச்சே அத்தை."

"அதுலயா? ஏன், எனக்குன்னு பேரு வெக்கலையா எங்க நைனா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் போன் அடித்தது. டீச்சரக்கா, திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து.

"காலைலருந்து போன அவுரு காதாண்ட வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன் தம்பி. பேரு வரவேயில்ல. நான் எழுதுனத படிக்கலியா?"

"படிச்சேன்க்கா."

"மூணாம் பக்கத்துல இன்னா எழுதினேன்?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவர். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

பெட்டியிலிருந்து அந்த நாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார்ந்ததும் மூன்றாம் பக்கத்தைத்தான் பிரித்தேன்.

"கோயில் கூரை மாற்றும் கூட்டத்தில் வார்த்தை முற்றியதிலிருந்து அவர் கோயிலுக்கு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை இருதய ஆபரேஷன். பயம் இல்லை என்கிறார். நேற்று அவராகவே, 'ஞாயித்துக்கிழம போன்ல போடறாங்களே, அதுல எம் பேரையும் படிப்பாங்களா?' என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. தயவுசெய்து பேரைத் தெளிவாக வாசிக்கவும்."

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனேன். சந்திரகிரி வருவதற்குள் நாலு இடம் மாறிவிட்டேன்.

"கூர்ச்சோண்டி சார்!" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிக் கத்தினார் கண்டக்டர். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "இன்னா சார், கோர்ட் கேசா?"

"அப்படித்தான்."

"தப்பு யாருது?"

"என்னுதுதான்."

"அப்போ இன்னாத்துக்கு இவ்ளோ அவசரமா போறீங்க?" என்று விசிலை ஊதினார்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடி ஏறினேன். டீச்சரக்கா வராந்தாவில் நின்றார். "வா" என்று சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்துவிட்டார்.

கட்டிலில் அவர் கணவர், ரிட்டையரான பஸ் டிரைவர். மார்பில் சவரம் செய்து மறுநாள் ஆபரேஷனுக்குத் தயார் செய்திருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவுருதானா அந்த சுருக்கற ஆளு?"

"ஆமாங்கய்யா" என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் மூச்சிரைப்பில் போய்விட்டது. "ஐயா, இப்ப ஒரு வார்த்தகூட விடமாட்டேன். நாலு பக்கமும் முழுசா வாசிச்சு, ஜெபமும் பண்ணிட்டுத்தான் போவேன்."

நான் கோயிலில் நிற்பது போலவே நிமிர்ந்து நின்று முதல் பக்கத்தை ஆரம்பித்தேன். அதில் பாதிக்கு மேல் அவரைப் பற்றிய புகார். மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்தது, டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் ஊறுகாய் தின்றது, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். டீச்சரக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வலது கால் ஆட ஆரம்பித்தது. அதை இடது காலால் மிதித்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன்.

ஊசி குத்தியிருந்த கையை அவர் மெல்லத் தூக்கினார். தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"பேர மட்டும் படி."