கடுகளவு நசுங்கல்

இறக்கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, "பொய்" என்கிறார் அத்தான். அப்புறம்தான் அளவுகோலை வைக்கிறார். அரை மில்லிமீட்டர் கூடுதல். "பாத்தியா? கண்ணுக்கே தெரிஞ்சுது."

என் அக்காவின் கணவர். விமானத் தளத்தில் முப்பது வருடம் ஜெட்டுகளைப் பழுது பார்த்தவர். துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் சேர்க்கும் குட்டி ஜெட் மாடல்கள் செய்யும் கம்பெனி ஒன்று, புது மாடல் எதுவானாலும் பெட்டியில் அடைத்து விற்பதற்கு முன்னால் இவருக்கு அனுப்புகிறது. சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை தப்புகளைப் பட்டியல் போடுவார். அது முடிகிறவரை வீட்டில் எல்லோருக்கும் தட்டு மடியில்தான்.

பட்டியலின் மொழியே தனி. "மூக்குக்கு ஜலதோஷம்." "சக்கரம் பட்டினி கெடக்குது." "சீட்டு மெத்தை மாதிரி இருக்கு, பைலட் சண்டைக்குப் போறானா, தூங்கப் போறானா?" கம்பெனிக்காரர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ, திருத்திவிடுகிறார்கள்.

"எனக்கு மட்டும்தான் இன்னும் லிஸ்ட் போடல இந்த மனுஷன்" என்பாள் அக்கா.

"தப்பு கண்டுபிடிக்க ஒரு அசல் வேணும்மா. உன்னை எதோட வச்சுப் பாக்குறது?"

அது புகழ்ச்சியா இல்லையா என்று அக்கா இன்னும் முடிவுக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கை பாதியில் நின்றது. இந்த முறை வந்திருந்தது அவர் கைபட்ட அதே ஜெட்டின் மாடல். அசல் இப்போது ஒரு காட்சிசாலையில் நிற்கிறது. அதைத்தான் கம்பெனி இண்டு இடுக்கு விடாமல் அளவெடுத்திருந்தது. அதனால் மாடலிலும், காற்று உள்ளே போகும் வாயோரத்தில் கடுகளவு ஒரு நசுங்கல்.

"தப்புதானே அத்தான்? எழுதுங்க" என்றேன்.

"தப்புதான். என் தப்பு." குரல் இறங்கியிருந்தது. "ஏணி என் கையிலேருந்து சாஞ்சு இடிச்சுது. யாருன்னு ஆபீசர் கேட்டப்போ நான் வாயைத் தொறக்கல. அன்னிக்கு டூட்டில இருந்த ஆறு பேருக்கும் லீவு கட். எங்க கூட இருந்த பெயின்டர், சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே போகல."

அந்தப் பெயின்டர் இன்றும் வாராவாரம் போன் செய்கிறவர். "அன்னிக்கு எவன் பண்ணான்னு மட்டும் தெரியட்டும்" என்று இன்றும் பல்லைக் கடிக்கிறவர். பட்டியலில் ஏறினால் கம்பெனி நசுங்கலைச் சமன்செய்துவிடும், விஷயம் அதோடு போயிற்று. ஏறாவிட்டால், அத்தான் பார்த்த மாடல் ஒன்றையும் விடாத பெயின்டர்தான் முதல் பெட்டியை வாங்கி ஒட்டப்போகிறவர்; நசுங்கலைப் பார்த்ததும் போன் இங்கேதான் வரும்.

"உள்ளது உள்ளபடி இருக்கணும்னு ஊரு முழுக்கச் சொல்ற வாய்தானே இது?" என்றாள் அக்கா, தட்டை மடியில் வைத்தபடியே.

அத்தான் பேனாவை எடுத்தார். 'வாயோர நசுங்கல்: சரியாக இருக்கிறது. தொடவேண்டாம்.'

அக்கா எழுந்துபோய், சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கி வந்து துண்டின்மேல் வைத்தாள். "பெயின்டரண்ணன் மொதல்ல. அப்புறம் மத்த நாலு பேரு."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தரம் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். மனப்பாடமாகத் தெரிந்த அந்த எண்ணை, ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்துச் சரிபார்த்து அழுத்தத் தொடங்கினார்.