மரங்களுக்கு அளவெடுத்த தையல்காரி

முதல் மரத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தபோது தையல்காரிக்குக் கூச்சமாக இருந்ததாம். "முன்னப்பின்ன தெரியாத ஆளைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு" என்கிறார். இப்போது அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சரிவில் ஏறும்போதே கழுத்தில் டேப் தொங்குகிறது. மரத்தை மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கிறார். "நீ போன தடவையைவிடத் தேறிட்டே" என்று சொல்லிவிட்டுத்தான் அளக்கிறார்.

பாதி ஆயுளைத் தையல் மெஷின் முன்னால் கழித்தவர். எதிரே சுவர், தலைக்கு மேல் ட்யூப் லைட், காலடியில் வெட்டுத் துணி. முதுகு வலி என்று டாக்டரிடம் போனபோது, "நடங்க" என்றார் டாக்டர். "எங்க நடக்குறது?" "எங்கயாவது." அந்த வாரமே மரம் அளக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டார். டேப் பிடிக்கத் தெரிய வேண்டும், நிறைய நடக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. கணவரின் தங்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி அளப்பார், நாத்தனார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடுவார்.

யாருக்காக இந்த அளவு? ஒரு விமானக் கம்பெனிக்காக. விமானம் பறந்தால் புகை வரும்; அதை முழுசாக நிறுத்த அவர்களால் முடியவில்லை. அதனால் மொட்டையாகக் கிடந்த இந்தச் சரிவில் மரம் வளர்க்கப் பணம் கொடுக்கிறார்கள். மரம் பருத்தால் அது காற்றிலிருந்து அவ்வளவு கார்பனை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த அளவுக்குப் புகையை ஈடுகட்டிவிட்டோம் என்று கம்பெனி சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு பருத்தது என்பதை மட்டும் யாராவது சுற்றிப் பிடித்துப் பார்த்தாக வேண்டும்.

தையல்காரி அளக்க ஆரம்பித்ததும் மரங்கள் எதிர்பார்த்ததைவிட ஏகத்துக்குப் பருத்திருந்தன. மேற்பார்வையாளருக்குத் தரையில் கால் பாவவில்லை. "இந்த மண்ணுல என்னதான் இருக்கோ!" என்று கம்பெனிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வந்து சரிபார்த்துவிட்டால், தையல்காரிக்கு வேலை நிரந்தரம். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அந்தச் சுவருக்கு முன்னால் திரும்பப் போய் உட்காரக் கூடாது.

அதிகாரி வருவதற்குச் சில நாள் முன்பு தையல்காரியின் உள்ளங்கையில் முள் ஏறியது. பாதையோர மரத்தை நாத்தனார் அளந்தார்.

"அண்ணி, மரம் இளைச்சுப் போச்சு."

"மரம் எங்கடி டயட் இருக்கும்? ஒழுங்காப் பிடி."

"ஒழுங்காத்தான் பிடிச்சிருக்கேன். எங்க, நீங்க பிடிங்க பார்ப்போம்."

முள் ஏறாத கையால் தையல்காரி டேப்பைச் சுற்றினார். நாத்தனார் குனிந்து பார்த்தார். "அது என்ன அண்ணி, விரலு உள்ள?"

பட்டைக்கும் டேப்புக்கும் நடுவில் இரண்டு விரல் சமர்த்தாகப் படுத்திருந்தது.

"லூஸ் விட வேணாமா?" என்று கேட்டுவிட்டுத்தான், என்ன சொன்னோம் என்று தையல்காரிக்கே உறைத்தது.

நாத்தனார் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மரம் இதைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கா போகப்போகுது? பாக்கெட்டு வச்சீங்களா, காலர் வச்சீங்களா?" இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தையல்காரி திரும்பிச் சரிவு முழுவதையும் பார்த்தார். அத்தனை மரத்துக்கும் லூஸ் விட்டிருக்கிறார்.

சாப்பிடும்போது விஷயம் கணவருக்குப் போனது. அவர் லாரி டிரைவர். சுற்றி வளைக்காமல் பேசுபவர். "வர்றவங்க எல்லா மரத்தையுமா அளக்கப்போறாங்க? அங்கொண்ணு இங்கொண்ணு. பேசாம இரு."

"அண்ணன் சொல்றது சரிதான் அண்ணி. சொன்னா வேலை போயிடும்."

தையல்காரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சட்டை லூஸா இருந்தா போடுறவருக்குக் காத்து வரும். இது லூஸா இருந்தா? இல்லாத மரத்தைக் காட்டி, இருக்கிற புகையை விடுவாங்க."

"அப்ப என் லாரிப் புகை?"

"உங்க லாரிக்கு இந்த மலை பத்தாதுங்க. அது தனிக்கதை."

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் சொன்னார். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு ஒரு வழி தோன்றியது. "ரெண்டு விரல்தானேம்மா? எல்லாத்துலயும் கழிச்சிருவோம். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை."

"முடியாது சார். ஒல்லி மரத்துக்கு ஒரு விரல்தான் விடுவேன். நடுத்தரத்துக்கு ரெண்டு. கொஞ்சம் பூசின உடம்பா இருந்தா மூணு."

"அது ஏன்?"

"உட்காரும்போது பிடிக்கும்ல சார்?"

"மரம் உட்காருமாம்மா?"

தையல்காரி டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். "கம்பெனிக்கு வேற சொல்லித் தொலைச்சிட்டேனே" என்று மேற்பார்வையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மறுபடியும் ஒரு போன் போடுங்க சார். நான் எல்லாத்தையும் திரும்ப அளந்து முடிச்சிடுறேன். அதுக்கப்புறம் என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க." குரல் தெளிவாகத்தான் வந்தது. வெளியே வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

மறு அளவு கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு மரத்திலும் நாத்தனார் "விரலு! விரலு!" என்று கத்துவார். பழக்கம் லேசில் விடுமா? கை தானாக உள்ளே போகும். கூப்பாடு கேட்டு வெளியே வரும். ஆள் பற்றாமல் மேற்பார்வையாளரும் ஆபீஸ் ஷூவோடு ஏறினார். இரண்டு தரம் வழுக்கினார்; மூன்றாம் தரம் ஷூவைக் கழற்றி வைத்தார். பேசாம இரு என்று சொன்ன கணவரும், லோடு இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு வந்து, மரங்களைச் சுற்றிய கொடிகளை அறுத்துக் கொடுத்தார்.

மொத்தம் கணிசமாகக் குறைந்தது.

தணிக்கை அதிகாரி ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசாதவர். பாதையோர மரங்களை ஏறெடுத்தும் பார்க்காமல், யாரும் போக விரும்பாத மேல் மூலைக்கு ஏறித் தன் கையாலேயே அளந்தார். இருவர் கணக்கும் ஒத்துப்போனது. "கம்பெனி முதல்ல சொன்ன அளவு இதைவிட அதிகமா இருந்துச்சே, ஏன்?" என்றார். மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் தையல்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பூசின உடம்பு உட்பட.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், தோள் குலுங்குவது தெரிந்தது. "எங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, குறைந்த அளவையே எழுதிக்கொண்டு இறங்கினார்.

சில வாரம் கழித்து மேற்பார்வையாளர் தையல்காரியின் வீட்டுக்கே வந்தார். ஈடுகட்டியதாகக் கம்பெனி நினைத்த புகையில் ஒரு பங்குக்கு இன்னும் மரம் இல்லை. அதனால் ஆற்றுக்கு அந்தப்பக்கச் சரிவிலும் மரம் நடப்போகிறார்களாம். அங்கேயும் தையல்காரியே அளக்க வேண்டும் என்று அதிகாரி குறிப்பு எழுதியிருக்கிறார். "வேலை நிரந்தரம்மா. ஆனா தூரம் ஜாஸ்தி, ஏத்தமும் ஜாஸ்தி."

நாத்தனார்தான் முந்திக்கொண்டார். "சார், அங்க அட்டைப்பூச்சி இருக்குமா?"

"நிறைய."

"அண்ணி, நீங்க முன்னாடி போங்க" என்றார் நாத்தனார்.