கோமதியக்காவும் இலத்தூர்ப் பெண்ணும்

ஆஸ்பத்திரி ஆயா வாசலில் வந்து நின்றபோது நான் சங்கத்துக் கஞ்சிக்கு உலை வைத்திருந்தேன். "கோமதியக்கா போய்ட்டாக" என்றாள். அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அணைத்திருந்தால் அக்கா எழுந்து வந்து ஏசியிருப்பார். அரிசியைக் களைந்து போட்டுவிட்டுத்தான் அழுதேன்.

தென்காசியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தர்மாஸ்பத்திரியில் கூட ஆளில்லாமல் படுத்திருப்பவர்களுக்குத் தினமும் கஞ்சி கொடுக்க, ஐம்பதுகளில் அவர் எங்களையெல்லாம் சேர்த்து ஒரு மாதர் சங்கம் தொடங்கினார். வீட்டுக்கு ஒரு கலயம். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அதில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை நாங்கள் போய் வாங்கி வருவோம். பச்சரிசி, புழுங்கல், கல், நெல் எல்லாம் கலந்து கிடக்கும்; புடைத்துப் புடைத்தே என் தோள் இறங்கிப்போனது. கலயத்தில் குறைந்திருந்தாலும் அக்கா முகம் சுளிக்க மாட்டார். "உங்களுக்கே பத்தல போல, இருக்கட்டும்" என்பார். அந்த வீட்டுக்காரி அடுத்த வாரம் ரோஷத்தில் அள்ளிப் போட்டிருப்பாள்.

குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த அரிசி ஆலை முதலாளி ஒருவர், சீசனுக்கு வந்த இடத்தில் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். இனி மாதாமாதம் தன் ஆலையிலிருந்தே மூட்டை வரும் என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ரகம், கல் இல்லாத அரிசி. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வீடுவீடாகப் போய், "இனி நீங்க சிரமப்பட வேண்டாம், கலயத்தக் கவுத்தி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சில வருடங்களில் முதலாளி காலமானார். மூட்டை நின்றது. அக்காவும் நானும் சாரலில் நனைந்துகொண்டே குற்றாலம் போனோம். மகன் தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். தாம் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எங்களுக்குக் காப்பி வந்தது. அக்கா குடிக்கவில்லை.

மறுநாளே தெருவில் இறங்கினோம். "மில்லுக்காரர் வீட்ல தாராகல்லா?" என்று கேட்டார்கள். நின்றுவிட்டதை விளக்கினோம். கலயத்தைத் தேடி எடுத்தார்கள்; சிலர் அதில் புளி போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போனால், போட மறந்துபோச்சு என்றார்கள். அரிசித் தட்டுப்பாடு தலைகாட்டிய நேரம்தான், ஆனாலும் அவர்கள் பொய் சொல்லவில்லை. கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி போகவில்லை.

அப்போது பிரசவ வார்டில் இலத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கூடமாட யாரும் இல்லை. எங்கள் கஞ்சியை நம்பித்தான் படுத்திருந்தாள். எங்கெங்கோ கைமாற்று அரிசி வாங்கிக் காய்ச்சிக்கொண்டு நாங்கள் போனபோது கட்டில் காலி. கஞ்சி வருமா என்று ஆயாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். விடிந்ததும் பச்சைக் குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்து நடந்துவிட்டாள்.

அக்கா இலத்தூரில் தெருத்தெருவாக விசாரித்தார். செங்கோட்டை வரை போனார். பெயரைச் சொல்லியும் யாருக்கும் தெரியவில்லை. செத்தார்கள் என்றால் அழுது தீர்த்திருக்கலாம். பிழைத்தார்கள் என்றால் நிம்மதி. இரண்டும் கிடைக்கவில்லை.

நாளாக ஆகக் கலயங்கள் மறுபடி நிமிர்ந்தன. பிறகும் பெரிய மனிதர்கள் மூட்டை தந்தார்கள், அக்கா வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு வீட்டிலும் கலயத்தைக் கவிழ்க்க விடவில்லை. "ஏட்டி, மூடை ஒருத்தர் போனா நின்னுரும். பிடிய நாமளா நிப்பாட்டுனாத்தான் உண்டு. நான்தான நிப்பாட்டுனேன்" என்பார். பஸ்ஸிலோ கோயிலிலோ அந்த வயதொத்த பிள்ளையைக் கண்டால் கிட்டே போய்விடுவார். எந்த ஊர் என்று கேட்பார். விட்டுத்தள்ளுங்கள் என்று எரிச்சலில் சொல்லியிருக்கிறேன். "அவ இன்னும் நடந்துட்டே இருக்கா. எனக்குத் தெரியுது" என்றார்.

கடைசியில் அக்காவும் அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கஞ்சியை ஆற்றி நீட்டினேன். வாங்காமல் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

"அவளுக்கு மொதல்ல குடு. பிந்துனா எந்திரிச்சுப் போயிருவா."

அந்தக் கட்டிலில் யாரும் இல்லை. தம்ளரை அதன் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் அக்கா மிச்சக் கஞ்சிக்கு வாய் திறந்தார்.

சங்கத்தை இனி யார் நடத்துவது என்று பேசிக்கொள்கிறார்கள். யாரும் நடத்தட்டும். அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பெண்ணைத்தான். இப்போது எனக்கும் அவள் நடப்பது தெரிகிறது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதாகியிருக்கும். இலத்தூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், அப்படி ஒரு தாயையும் பிள்ளையையும் அறிந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அக்காவிடம் இனிச் சொல்ல முடியாது. என்னிடமாவது சொல்லுங்கள்.