தம்பி ஒதுங்கிய கரை

"எந்த பீச் நல்லா இருக்கும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டில் படகேறி எங்கள் மணல் திட்டுக்கு வருகிறவர்கள், என் வறுத்த மீன் கடையில் நின்று கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் எங்கள் ஊர். கடல் பக்கம் முழுக்கக் கரைதான். ஆனாலும் புடவைக் கடையில் பொறுக்குவதுபோல அவர்களுக்கு அதில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். வெயிலில் கறுத்துப்போக இவ்வளவு யோசனையா என்று எரிச்சலாக வரும். இருந்தாலும் வியாபாரம் ஆயிற்றே. முகத்துவாரம் ஆபத்து, வடக்கே சவுக்குத் தோப்புப் பக்கம் ஆளே இருக்காது, தெற்கே லைட் ஹவுஸ் பக்கம் கூட்டம் என்று பல்லைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் என் தம்பியின் படகு முகத்துவாரத்தில் கவிழும்வரை.

கூடப் போன இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். தம்பி வரவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின. மறுநாள் சாயங்காலம், தேடிப் போனவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே படகை மணலில் இழுத்து வைத்தார்கள். இனி அவனை உயிரோடு தேட வேண்டியதில்லை என்று அக்காவான எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கொண்டுபோனவன் கரை ஒதுங்கினால், அவன் வீட்டுத் துணிதான் முதலில் அவன்மேல் விழ வேண்டும். மனைவி இருந்தால் அவள் கையால். உடுத்தியிருப்பதைக் கடல் உருவிவிடும், முகத்தையும் விட்டுவைக்காது. அந்தக் கோலத்தை வெளியாட்கள் பார்த்துவிடக் கூடாது. அதனால் எந்தக் கரையில் ஒதுங்குவான் என்று வீட்டார் சொல்ல வேண்டும், ஊர் அங்கே போய்க் காத்திருக்கும். மனைவி ஒரு கரையில்தானே நிற்க முடியும்?

விடிந்ததும் என் அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். அவரை நாங்கள் நைனா என்போம். நீரோட்டம் பார்ப்பதில் ஊரே அவர் பேச்சைக் கேட்கும். திரும்பி வந்தவர், "தெண்டி அடிக்குது, தெக்காலேர்ந்து ஓட்டம். வடக்காலதான் இஸ்துகினு போவும். சவுக்குத் தோப்புக்குப் போலாம்" என்றார்.

தம்பி மனைவி அவனுடைய நீலக் கட்டம் போட்ட லுங்கியை மடித்து மார்போடு பிடித்திருந்தாள். "லைட் ஹவுஸ் பக்கம் போலாம் மாமா" என்றாள். "ஜனம் இருக்கற எடத்துக்குத்தான் அவுரு வருவாரு. தனியா கெடக்க மாட்டாரு."

"அவன் கொணம் கடலுக்கு இன்னா தெரியும்?" என்று நைனா கத்தினார். லைட் ஹவுஸ் பக்கம் நாலு பேரையாவது நிறுத்தலாம் என்று ஒருவர் இழுத்தார். நைனா வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரிடம் அதற்கு மேல் யார் வாதாடுவது?

சவுக்குத் தோப்பில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. அலை தெர்மாகோலையும் செருப்பையும் கொண்டுவந்து போட்டது. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தோம். அப்போது ஒருவரின் செல்போனுக்கு வீடியோ ஒன்று வந்தது. பார்த்தவர் அதைச் சட்டைப்பைக்குள் போடப் போனார். தம்பி மனைவி பிடுங்கிவிட்டாள்.

லைட் ஹவுஸ் கரை. "கிட்ட போகாத, கிட்ட போகாத" என்று யாரோ சொல்ல, எடுத்தவன் கிட்டே போய்க்கொண்டே இருந்தான். முகத்தை வைத்து எங்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த வீட்டுச் சாவியை அவள்தான் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லுங்கியை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தாள்.

நாங்கள் தோப்பில் காத்துக்கிடந்தபோதே நீரோட்டம் தெற்கே திரும்பியிருந்தது. படகில் போகும்போது நைனா தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது தம்பி மூடிக்கிடந்தான். தென்னை மரமும் கப்பலும் போட்ட பெரிய ஆரஞ்சு நிறத் துண்டு. வெளியூரிலிருந்து கடல் பார்க்க வந்த ஒரு பெண், நனைந்த சுடிதாரோடு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடுங்கியபடி நின்றிருந்தாள். துண்டு அவளுடையது. சுற்றி நின்ற மற்றவர்கள் கையில் செல்போன்தான் இருந்தது. அத்தனையையும் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"அத்த எட்த்துட்டு நம்ம துணியப் போடும்மா" என்றார் ஊர்ப் பெரியவர்.

"எடுத்தா எல்லாரும் பாப்பாங்க. கெடக்கட்டும்" என்றாள் தம்பி மனைவி. துண்டின் மேலேயே லுங்கியை விரித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நைனா கிட்டே வரவில்லை. தூரத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வெள்ளைத் துணியில் வந்தான். துண்டும் லுங்கியும் பிளாஸ்டிக் பையில் வந்தன. லுங்கியை அவனோடு புதைத்தோம். துண்டை அவள் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு உதவிக்கு வரும்போது அதையும் கொண்டுவருவாள். படகிலிருந்து இறங்கும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்ப்பாள். "அந்தம்மா வந்தா குடுக்கணும் அண்ணி. மூஞ்சியக்கூட நான் சரியா பாக்கல."

நைனா இப்போது கடலில் இறங்குவதில்லை. யாராவது நீரோட்டம் கேட்டால், "போய்ப் பாத்துக்கோ" என்பார்.

எந்த பீச் நல்லா இருக்கும் என்று இன்றும் கேட்கிறார்கள். நான் தலை தூக்காமல் மீனைத் திருப்பிப் போடுவேன். அவள்தான் பதில் சொல்வாள்.

"லைட் ஹவுஸ் பக்கம் போங்க. அங்க ஜனம் இருக்கும்."